வெள்ளை வில்லைகளைத் திருப்பி அனுப்புகிறேன்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ட்ராயிங் மாஸ்டர் ஒருவன்,
கும்பகோணம்.

பெறுநர்:
உயர்திரு குறைதீர்க்கும் அலுவலர் அவர்கள்,
24 வண்ண வாட்டர் கலர் பெட்டி,
அடிப்பக்கம், இடது மூலை, கடுகளவு எழுத்து.

பொருள்: வண்ணப் பெட்டியில் வண்ணம் இல்லாமை குறித்து.

பார்வை: 1. தங்கள் பெட்டி. 2. என் பேத்தியின் முகம்.

ஐயா அல்லது அம்மா,

தங்கள் முகவரியைக் கண்டுபிடிக்கவே எனக்கு அரை நாள் ஆயிற்று. பெட்டியின் மேல்பக்கம் முழுக்க ஒரு வெளிநாட்டுக் கிளி உட்கார்ந்திருக்கிறது. இறகுக்கு ஒரு நிறம். பக்கவாட்டில் 'ஆர்ட்டிஸ்ட்', 'ப்ரீமியம்', 'ப்ரொஃபஷனல்' என்று மூன்று பட்டங்கள். 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் படம் சொல்லிக் கொடுத்த எனக்கு இதில் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. நீங்கள் அடிப்பக்கத்தில் இருந்தீர்கள். பேத்தியின் அறிவியல் விளையாட்டுப் பெட்டியோடு வந்த பூதக்கண்ணாடியை வைத்துத்தான் உங்களைப் படித்தேன். அந்தப் பூதக்கண்ணாடி நன்றாக வேலை செய்கிறது. அது வேறு கம்பெனி.

பேத்திக்கு ஏழு வயது. பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்றதற்குக் கிளிப் பெட்டி வேண்டும் என்றாள். வாங்கிக் கொடுத்தேன். ட்ராயிங் மாஸ்டர் வீட்டுப் பிள்ளை அல்லவா, முறைப்படி இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு பழந்துணி, தட்டு எல்லாம் வைத்துக்கொண்டு கிளியையே வரைய உட்கார்ந்தாள். கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"தாத்தா, கிளி தண்ணியா இருக்கு."

"இன்னும் கொஞ்சம் தேய்ச்சு எடும்மா."

"தேய்ச்சா பேப்பர்தான் வருது. கலர் வரல."

போய்ப் பார்த்தேன். அவள் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. சிவப்பு வில்லையைத் தேய்த்தால் பல் விளக்கித் துப்பிய தண்ணீர் மாதிரி ஒன்று வந்தது. பச்சை, ஊறப்போட்ட பாசிப்பயறு களைந்த நீர். காகிதம் மட்டும் தாராளமாகத் திரிதிரியாய்ச் சுருண்டு தூரிகையோடு வந்துகொண்டிருந்தது. கிளியின் வயிற்றில் ஓட்டை விழுந்திருந்தது.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 'நச்சற்றது' என்று போட்டிருக்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். நஞ்சும் இல்லை, வேறொன்றும் இல்லை.

உங்களைச் சட்டப்படி ஒன்றும் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் பொதிந்த பொருளின் மேல் தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர அளவு, மாதம், வருஷம், அதிகபட்ச விலை, குறை சொல்ல ஒரு தொடர்பு எல்லாம் அச்சடிக்கச் சொல்கின்றன. அத்தனையும் அச்சடித்திருக்கிறீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள். ஐந்து ரூபாய் நெய் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பினால், உள்ளே பாமாயில் இருப்பதை அந்தப் பாக்கெட்டே வெட்கப்படாமல் ஒத்துக்கொள்கிறது. உங்கள் பெட்டிக்கு அந்த அளவு கூச்சமில்லாமையும் கிடையாது.

எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் பஸ்ஸில் போய்வருகிற தூரம். அங்கே 1010இல் ஒரு கோயில் கட்டி முடித்த அரசன் என்ன கொடுத்தான், யார் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போனான். ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு, அதிலிருந்து நாளுக்கு ஓர் உழக்கு நெய் என்று கணக்கு. கோயிலில் ஆட அமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகள் என்றால் அவரவர் பெயர், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரைக்கும். நகை கொடுத்தால் முத்து எத்தனை, மாணிக்கம் எத்தனை, அந்த மாணிக்கத்தில் குறை இருந்தால் என்ன குறை என்பதுகூடக் கல்லில் இருக்கிறது. பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர் என்பதுவரை சொல்லியிருக்கிறார்கள். கொடுத்தவன் சக்கரவர்த்தி, வாங்கிக்கொண்டவர் பரமசிவன். கேள்வி கேட்க அங்கே ஆளே இல்லை. அப்படியும் எழுதினான். நீங்கள் எனக்கு விற்றிருக்கிறீர்கள், நான் காசு கொடுத்திருக்கிறேன், உங்கள் கல்வெட்டில் கிளி மட்டும் இருக்கிறது.

வண்ணங்களுக்குப் பெயர் வைக்கும் பிரிவு என்று ஒன்று உங்களிடம் இருக்கும் என நம்புகிறேன். அவர்களிடம் இந்தப் பத்தியைக் கொடுங்கள். மூன்றாவது வில்லையின் பெயர் 'கேட்மியம் யெல்லோ ஹியூ'. 'ஹியூ' என்று வால் இருந்தால் அதில் கேட்மியம் இல்லை, அந்தச் சாயலில் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கேட்மியம் விலை அதிகம், நஞ்சும்கூட, பிள்ளைகள் பெட்டியில் அது இல்லாமல் இருப்பதே நல்லது. இல்லாத ஒன்றின் பெயரை எதற்குப் பெரிய எழுத்தில் போட்டு, இல்லை என்பதைச் சின்ன எழுத்தில் போடவேண்டும்? அல்வாக் கடைக்காரர் ஒருவர் 'திருநெல்வேலி' என்று பலகை முழுக்க எழுதி, ஓரத்தில் 'போல' என்று எழுதிய கதைதான். வெறுமனே மஞ்சள் என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பிள்ளைக்குப் புரியாதா?

உண்மைப் பெயர் வைத்தாலும் தொல்லைதான் என்று உங்கள் பிரிவு சொல்லக்கூடும். அதற்கும் சரித்திரம் இருக்கிறது. ஐரோப்பாவில் 'மம்மி பிரவுன்' என்று ஒரு பழுப்பு விற்றார்கள். ஏதோ அழகுக்கு வைத்த பெயர் என்று எண்ணி அதைப் பயன்படுத்திவந்த பர்ன் ஜோன்ஸ் என்ற ஓவியர், அது எகிப்தியப் பிணங்களை அரைத்தே செய்தது என்று தெரிந்த அன்று, ட்யூபை எடுத்துப்போய்த் தோட்டத்தில் குழிதோண்டி அடக்கம் செய்தார். கடைக்காரர் உண்மையைத்தான் எழுதியிருந்தார், வாங்கியவர்தான் நம்பவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். வண்ணப் பெட்டியில் எழுதியதை நம்பக்கூடாது என்று அனுபவம் அவருக்குச் சொல்லியிருக்கும்.

இன்னொன்று நம் நாட்டுச் சரக்கு. 'இந்தியன் யெல்லோ' எதிலிருந்து வருகிறது என்று லண்டனில் யாருக்கும் தெரியவில்லை. அங்கே கியூ தாவரவியல் தோட்டத்தின் ஜோசப் ஹூக்கர் விசாரித்தார். திரைலோக்கியநாத் முகர்ஜி என்கிற நம் அதிகாரி பீகாரில் முங்கேருக்குப் பக்கத்து மிர்சாபூர் வரைக்கும் நேரில் போய்ப் பார்த்தார். மாவிலையும் தண்ணீரும் மட்டும் கொடுத்து வளர்த்த மாடுகளின் மூத்திரத்தைக் காய்ச்சி உருட்டி எடுக்கிறார்கள் என்று 1883இல் பதில் எழுதி அனுப்பினார். ரயிலும் தபாலும்தான் அன்றைக்கு வசதி. ஒரு மஞ்சளில் என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு அந்த வருஷமே பதில் போயிற்று. நான் உங்கள் தொலைபேசி எண்ணுக்கு மூன்று முறை அழைத்துக் கேட்டேன். "எல்லாமே நல்ல கலர்தான் சார்" என்றார் ஒரு தம்பி. மரியாதையான பையன். அவரைத் தண்டிக்க வேண்டாம்.

தூரிகைக்கு வருகிறேன். பெட்டியோடு இலவசம் என்று ஒன்று வைத்திருந்தீர்கள். நாளைக்கு ஆறேழு முடி என்ற கணக்கில் கொட்டி நான்காம் நாள் தகரக் குழாய் மட்டும் மிஞ்சியது. கிளியின் கழுத்தில் ஒட்டிய முடிகள் நிஜ இறகு மாதிரி இருந்ததால் முதல் நாள் நான் பேசாமல் இருந்துவிட்டேன். சரி, நல்லதாக ஒன்று வாங்குவோம் என்று கடைக்குப் போனால் 'கேமல் ஹேர்' என்று நீட்டினார்கள். அந்தப் பெயரில் விற்கிற தூரிகையில் ஒட்டகத்தின் முடி இருப்பதில்லை. அணில், மட்டக்குதிரை, ஆடு என்று எதுவேண்டுமானாலும் இருக்கும். ஒட்டகத்துக்கே இந்தச் செய்தி தெரியாது.

இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் படிக்கிற காலத்தில் என் வாத்தியார் ஒரு தூரிகை கொடுத்தார். நுனி ஊசி மாதிரி நிற்கும், நீர் பிடித்தால் விடாது. பல வருஷம் பூஜைப் பொருள் மாதிரி வைத்திருந்தேன். அது கீரி முடி. ஒரு கீரி செத்தால்தான் அந்த முடி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரியைக் கொல்வதும் அதன் முடியை விற்பதும் குற்றம் என்று எனக்கு மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது. பாம்பிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றிய கீரியின் கதையை வகுப்பில் சொல்லிவிட்டு, அந்தத் தூரிகையாலேயே கரும்பலகைப் பக்கத்துச் சார்ட்டில் கீரிப் படம் வரைந்து காட்டியவன் நான். அதன் கைப்பிடியில் ஒரு நம்பர் இருந்தது, ஒரு பூப்படம் இருந்தது. கீரி என்று எழுதியிருந்தால் நானும் ஒரு குழி தோண்டியிருப்பேன்.

காகிதம் உங்களுடையது அல்ல, உங்கள் பங்காளி கம்பெனியினுடையது. அட்டையில் '300 ஜி.எஸ்.எம்.' என்று பொன்னெழுத்து. ஒரு சதுர மீட்டர் 300 கிராம் என்று பொருள். ஏ4 தாள் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆக பத்துத் தாள் 187 கிராமுக்கு அரை கிராம் கூடுதலாக நிற்க வேண்டும். எங்கள் தெருவில் ஆடவல்லான் இல்லாததால் தெரிந்த நகைக்கடைக்கு எடுத்துப்போனேன். அடகு வைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, ஒரு நாற்காலி போட்டு, காப்பி சொன்னார்கள். பத்துத் தாளும் 141 கிராம். அதாவது 300 என்பது 225தான். கடைக்காரர் தாளைத் தடவிப் பார்த்து, "செய்கூலி சேதாரம்னு எடுத்துக்கோங்க மாஸ்டர்" என்றார். நகைக்கடைக்காரரே பரிதாபப்படும் சேதாரத்தை அன்றுதான் பார்த்தேன்.

பதினேழாவது வில்லை 'ஸ்கின்'. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் பாதிக்கப்பட்டவன். பேத்தி என்னை வரைந்தாள். பெட்டியில் ஸ்கின் என்று எழுதியிருக்கிறது, தாத்தாவுக்கு ஸ்கின் இருக்கிறது, ஆகவே பூசினாள். படத்தில் நான் வெயிலில் அலைந்துவிட்டு வந்த பழைய ஜில்லா கலெக்டர் துரை மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தேன். வேட்டி மட்டும் என்னுடையது. அமெரிக்காவில் கிரேயோலா கம்பெனி 'ஃப்ளெஷ்' என்ற கிரேயானின் பெயரை 'பீச்' என்று மாற்றியது 1962இல். ஒரு பழத்தின் பெயரைச் சொன்னால் யார் மனமும் நோகாது என்று அவர்களுக்கு அப்போதே தோன்றிவிட்டது. நம் ஊரில் இன்றைக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் "ஸ்கின் கலர் குடு" என்றுதான் கேட்கிறது. கேட்கிற கையும் கொடுக்கிற கையும் அந்த நிறத்தில் இருப்பதில்லை.

பேத்தி படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அடுக்களையில் பில்டரில் இறங்கிக்கொண்டிருந்த டிகாக்ஷனை ஒரு மூடியில் பிடித்துவந்து என் முகத்தில் பூசினாள். படத்து முகத்தில்தான். ஒரு பூச்சு, காய்ந்தபின் இன்னொரு பூச்சு. கன்னத்தில் நிழல் விழுந்தது. நான் நானாகிவிட்டேன். கும்பகோணத்துக் காப்பிக்கு இப்படி ஒரு குணம் உண்டென்று இதுவரை யாரும் விளம்பரம் செய்யவில்லை.

அன்றைக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. உங்கள் 24 வண்ணங்களையும் வரிசையாகப் பட்டை பட்டையாகப் பூசினேன். இருபத்தைந்தாவதாக டிகாக்ஷன். பாதியை அட்டையால் மூடி, மேற்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். சித்திரையில் ஒட்டியது, கத்திரி வெயில் முழுக்கக் குடித்தது, ஆடியில் எடுத்தேன். உங்கள் ரோஸ் இருந்த இடத்தில் வெறும் காகிதம். ஊதா பாதி வழியில் நீலமாகிவிட்டது, அதிலிருந்த சிவப்பு மட்டும் சொல்லாமல் கிளம்பிப் போயிருந்தது. ஓவியர் வான்கா 1888இல் பிரான்ஸின் ஆர்லில் தன் படுக்கையறையை வரைந்தபோது சுவர் ஊதா. இன்று மியூசியத்தில் பார்க்கிறவர்களுக்கு அது நீலம். காரணம் இதேதான். சில சாயங்கள் வெளிச்சம் பட்டால் உடைந்துபோகும். வான்காவுக்கு அது தெரிந்திருந்தது, தம்பிக்கு எழுதியும் இருக்கிறார், தெரிந்தே வாங்கினார். என் பேத்திக்கு யாரும் கடிதம் போடவில்லை.

உங்கள் பெட்டியில் அசையாமல் நின்றவை காவியும் கறுப்பும். காவி என்பது துருப்பிடித்த இரும்புதான். ஏற்கெனவே துருப்பிடித்ததை வெயில் புதிதாக என்ன செய்துவிடும்? கறுப்பு கரி. இரண்டும்தான் மலிவானவை என்பதையும் கவனியுங்கள். டிகாக்ஷன் கொஞ்சம் வெளுத்தது, ஆனால் உங்கள் ரோஸைவிட நெடுநாள் இருந்தது. அதன் டப்பாவில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

இதுவரை எழுதியதெல்லாம் ஒரு பெட்டிக்கான புகார். பெட்டி போனால் போகிறது, காசுதான். நான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் வேறு.

பல வருஷம் முன்பு ஏழாம் வகுப்பில் ஒரு பையன். கடல் வரையச் சொன்னேன். எல்லோர் கடலும் வெளிறிக் கிடக்க, அவன் கடல் மட்டும் கருநீலம். பேனா மையை ஊற்றித் தேய்த்திருந்தான், அடுத்த நான்கு பக்கமும் ஊறிப்போயிருந்தது. "வாட்டர் கலர்னா வாட்டர் கலர்ல போடணும்" என்று காதைத் திருகினேன். "சார், கலர் வரல சார்" என்றான். "கலர் வரும், கைதான் வரல" என்று நான் சொன்னதற்கு வகுப்பே சிரித்தது. நல்ல வசனம் என்று எனக்கும் அப்போது தோன்றியது. அந்த வருஷம் முழுக்க அவன் வேறு எதையும் வரையவில்லை. கோடு கேட்டால் கோடு போடுவான், பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிடுவான்.

இப்போது பைபாஸ் ரோட்டில் டிங்கரிங் பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். போன மாதம் மருமகனின் கார் கதவில் கீறல் விழுந்து அங்கே போனபோதுதான் அடையாளம் கண்டுகொண்டான். "வாங்க சார்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். கார் கதவைத் திறந்து உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் ஒரு நம்பரைப் பார்த்துக் குறித்துக்கொண்டான். "இதுதான் சார் கலர் கோடு. இந்த நம்பரைச் சொன்னா நாட்டுல எந்தக் கடையில வாங்கினாலும் இதே கலர் வரும். வரலன்னா கடைக்காரன்தான் பொறுப்பு. நம்ம கை மேல பழி வராது." கடைசி வரியை அவன் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேலை முடிந்து பார்த்தபோது கீறல் எந்தக் கதவில் இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அந்த மாதிரி நம்பர் வண்ணத்துக்கும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அல்ட்ராமரீன் என்றால் பி.பி. 29, டைட்டானியம் வெள்ளை என்றால் பி.டபிள்யூ. 6. உலகம் முழுக்க அதே நம்பர்தான். ஓவியர்களுக்கென்று விற்கும் விலை கூடிய ட்யூப்களில் அதை அச்சடிக்கிறார்கள், எத்தனை வெயில் தாங்கும் என்பதையும் சேர்த்து. அதிகக் காசு கொடுக்கிறவனுக்கு உள்ளே இருப்பதைச் சொல்கிறார்கள். குறைந்த காசு கொடுக்கிற பிள்ளைக்குக் கிளி.

சுண்ணாம்பு மாவு அதிகம், சாயம் குறைவு என்றால் அப்படியே போடுங்கள். அந்த விலைக்கு அவ்வளவுதான் முடியும் என்றால் அதையும் போடுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். மலிவாகத்தான் எங்களால் வாங்க முடியும். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அண்ணன் பெட்டி, அக்கா பெட்டி, இரண்டு வில்லை உடைந்த பெட்டி. 'இதில் நிறம் கொஞ்சம்தான் வரும்' என்று மூடியில் ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பையன் அதை என் முகத்துக்கு நேரே நீட்டியிருப்பான். நானும் அந்த நல்ல வசனத்தை விழுங்கியிருப்பேன்.

பணத்தைத் திருப்பித் தரவேண்டாம். மாற்றுப் பெட்டியும் அனுப்ப வேண்டாம், தயவுசெய்து. அடுத்த முறை அச்சடிக்கும்போது கிளியைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள். அந்த இடத்தில் எழுத எவ்வளவோ இருக்கிறது.

பதிலைத் தமிழிலேயே அனுப்பலாம். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும். பூதக்கண்ணாடியைப் பேத்தி திரும்ப வாங்கிக்கொண்டாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ட்ராயிங் மாஸ்டர் (ஓய்வு).

இணைப்பு: தகரக் குழாயுடன் கூடிய கைப்பிடி ஒன்று. அதற்குரிய முடிகள், தனியே, காகிதத்தில் மடித்து. ஜன்னலில் ஒட்டிய பட்டைத்தாள் ஒன்று. இருபத்தைந்தாவது பட்டை உங்கள் தயாரிப்பு அல்ல, உரிமை கோர வேண்டாம். வெள்ளை வில்லைகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய: 34 வருஷமும் ஆண்டுக் கடைசியில் பிள்ளைகள் வகுப்பிலேயே விட்டுப்போன பெட்டிகளிலிருந்து நான் சேர்த்தவை. வெள்ளைத் தாளில் வெள்ளையைத் தேய்த்துப் பார்த்த விரல் தடம் ஒவ்வொன்றின் நடுவிலும் இருக்கும். எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளவும்.